ஆளற்ற கரை: தீவுச் சுற்றுலாப் படங்களை முன்வைத்து

புகைப்படம் எடுப்பது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்னும் விவாதம் நம் அறிஞர்களிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ, கருவியின் வழியே பதிவது நிழலைப் பிடித்து நிறுத்தும் செயலேயன்றிப் படைத்தல் ஆகாது என்று வாதிட்டுத் தனி நூலே எழுதினார். நம் துணைக்கண்டத்தில் முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்ற தேவ்பந்த் மரபின் அறிஞர்கள் இதற்கு மாறான கருத்தை விரிவாக எடுத்துரைத்தனர். பிறகு கடவுச்சீட்டு வந்தது. ஹஜ் விண்ணப்பத்தில் படம் ஒட்டும் கட்டாயம் வந்தது. இறுதியில் கைபேசி வந்தது. விவாதம் தீர்வதற்கு முன்பே ஓய்ந்து போயிற்று. ஓய்ந்த விவாதத்தை மீண்டும் கிளறுவது நம் நோக்கமன்று. இரு தரப்பாரும் அதிகம் தொடாமல் விட்ட வேறொரு கேள்வியே நம் முன் நிற்கிறது. எடுக்கப்படும் படத்தில் யார் இருக்கிறார், யார் விடுபடுகிறார், அவ்வாறு விடுபடுவதால் விளைவது என்ன? இதனை ஆராய்வதற்குத் தீவுகளுக்கு விடுமுறையில் செல்வோர் எடுத்து வரும் படங்களைவிடத் தக்க சான்று கிடைப்பது அரிது.

கொங்கு நாட்டிலிருந்து தீவுகளுக்குப் பயணம் போவது இன்று அரிய செய்தியன்று. கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சி ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். அங்கிருந்து கப்பலேறியோ அகத்திக்கு விமானம் ஏறியோ இலட்சத்தீவை அடையலாம். மாலத்தீவுக்கும் அங்கிருந்து வானவழி உண்டு. புதுமணத் தம்பதியரும், பணி ஓய்வு பெற்றோரும், பிள்ளைகளுடன் செல்லும் குடும்பத்தாரும் திரும்பி வந்து காட்டும் படங்களைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். எடுத்தவர் வேறு வேறாயினும் படங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. நீரை நோக்கிச் சாய்ந்த ஒற்றைத் தென்னை, வெண்மணலில் பதிந்த காலடித் தடம், பளிங்கு நீரின்மேல் அந்தரத்தில் தொங்குவது போன்ற படகு, முதுகைக் காட்டி அந்திச் சூரியனை நோக்கி நிற்கும் இருவர். இவற்றில் நீலம் இருக்கிறது, வெண்மை இருக்கிறது, பசுமை இருக்கிறது. ஊர் மட்டும் இல்லை.

இவ்வின்மை எத்தகையது என்பதைச் சில எண்கள் விளக்கும். இலட்சத்தீவில் உள்ள தீவுகள் 36. அவற்றின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்பவை பத்தே தீவுகள். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அங்கு 64,473 பேர் இருந்தனர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2,000 பேர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அடர்த்தி 555. நம் மாநிலத்தைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் நெருக்கமாக மக்கள் வாழும் ஒரு நிலம், படத்தில் மட்டும் மனித வாடையே படாத வெளியாகத் தோன்றுகிறது. இது இயற்கையாக நேர்ந்ததன்று. ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒருவர் விலக்கப்பட்டிருக்கிறார்.

விலக்குவதில் கருவிக்கும் பங்கு உண்டு. கைபேசியின் முதன்மை வில்லை பெரும்பாலும் விரிகோணம் கொண்டது. அது முன்னிருக்கும் மணலையும் நீரையும் பெரிதாக்கி, நூறடி தொலைவில் வலை காய வைப்பவரைப் புள்ளியாகச் சுருக்கிவிடும். பிறகு உள்ளே இயங்கும் மென்பொருள் நீலத்தை மேலும் நீலமாக்கும். எஞ்சிய புள்ளியையும் விரல் நுனியால் அழித்துவிடும் வசதி இப்போது வந்துவிட்டது. எனினும் பழியைக் கருவியின்மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்க இயலாது. ஒளியியல் என்றதும் இப்னுல் ஹைதமின் இருட்டறையைச் சுட்டிப் பெருமை கொள்வதோடு நம் கட்டுரைகள் நின்றுவிடுவது வழக்கம். அவர் தம் கிதாபுல் மனாஸிரில் நிறுவிய மற்றோர் உண்மை இவ்விடத்தில் அதிகம் பயன்படும். பார்த்தல் கண்ணோடு முடிவதில்லை. முன்னறிவும் ஒப்பிடுதலும் தீர்ப்பும் கூடியே காட்சி நிறைவுறுகிறது என்று அவர் விளக்கினார். விளம்பரத் தாளில் ஆயிரம் முறை கண்ட கரையையே பயணி தீவில் தேடுகிறார். தேடியது கிடைத்த இடத்தில் படம் எடுக்கிறார். தீவைக் காண்பதற்கு முன்பே அவர் படத்தைக் கண்டுவிட்டார்.

விடுதித் தொழிலின் அமைப்பும் இதற்குத் துணை செய்கிறது. மாலத்தீவில் 1972இல் சுற்றுலா தொடங்கியபோது, ஆளில்லாத தீவுகளையே விடுதிகளுக்கு ஒதுக்குவது முறையாயிற்று. ஒரு தீவு, ஒரு விடுதி. குடிமக்கள் வேறு தீவுகளில் வாழ்ந்தனர். விருந்தினர் வேறு தீவுகளில் தங்கினர். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பரவலாகத் திறக்க வழி பிறந்தது 2009க்குப் பின்னரே. இலட்சத்தீவிலும் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற பங்காரம், ஊரென்று ஏதும் இல்லாத தீவு. மதுவையும் வேற்று உடை வழக்கங்களையும் ஊருக்குள் வரவிடாமல் தடுக்க இந்த ஏற்பாடு உதவியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் விலை ஒன்று உண்டு. அங்கு சென்று திரும்புபவர், ஒரு முஸ்லிம் நாட்டுக்கோ முஸ்லிம் சமூகத்தின் இல்லத்துக்கோ சென்று வந்தோம் என்னும் உணர்வே இல்லாமல் திரும்ப முடிகிறது.

நம் முன்னோர் இத்தீவுகளை எவ்வாறு கண்டனர்? அல்பீரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய பெருநூலில் இக்கடலின் தீவுகளை இரண்டாகப் பகுத்தார். ஒன்று சோழித் தீவு. மற்றொன்று கயிற்றுத் தீவு. பின்னதை இலட்சத்தீவு என்றே ஆய்வாளர் கொள்வர். கப்பற் பலகைகளைப் பிணைக்கும் தென்னங்கயிற்றைத் திரிக்கும் மக்களின் தொழிலே தீவுக்குப் பெயராயிற்று. நீரின் நிறத்தை வைத்து அவர் பெயரிடவில்லை. 1343, 1344ஆம் ஆண்டுகளில் மாலத்தீவில் மாதக்கணக்கில் தங்கிக் காழியாகவும் பணிபுரிந்த இப்னு பதூதாவின் பயண நூலில் கருவாட்டின் பக்குவம் இருக்கிறது, கயிறு இருக்கிறது, சோழி வாணிகம் இருக்கிறது, திருமண வழக்கு இருக்கிறது. அவர் குறையற்ற பயணியும் அல்லர். பெண்களின் உடை வழக்கத்தை மாற்ற முயன்று முடியாமல் போனதை அவரே சொல்கிறார்; அவருடைய கண்டிப்பு நமக்குச் சில இடங்களில் உறுத்தவும் கூடும். ஆயினும் அவர் மக்களோடு வழக்காடினார், மணவுறவு கொண்டார், பிணங்கினார். பிணங்குவதற்கேனும் அங்கு மக்கள் இருப்பது அவர் கண்ணில் பட்டது.

புகைப்படக் கலையின் பிறப்பிலேயே ஒரு விடுமுறைப் பயணம் இருக்கிறது என்பது வியப்பான செய்தி. 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் தேனிலவுக்காகத் தங்கியிருந்த டால்பாட் என்னும் ஆங்கிலேயர், அங்கு கண்ட காட்சியை வரைய முயன்று கை வராமல் போகவே, ஒளியே தன்னை வரைந்துகொள்ளும் வழி உண்டா என்று எண்ணத் தொடங்கினார். 1888இல் கோடக் நிறுவனம் நூறு படங்களுக்குரிய சுருளைப் பொதிந்து விற்ற பெட்டி, படம் எடுப்பதை எவரும் செய்யும் செயலாக்கியது. இவ்வாறு தொழிலாக இன்றி விருப்பத்தால் படம் எடுப்பவரைத் தமிழில் ஆர்வலர் என்கிறோம். திருக்குறளில் அச்சொல் அன்புடையாரைக் குறிக்கும். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘அமெச்சூர்’ என்பதும் நேசிப்பவர் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. அரபியில் ‘ஹாவீ’ என்பர். ‘ஹவா’ என்னும் வேர்ச்சொல்லுக்கு நேசம் என்றும் பொருளுண்டு, மனம்போன போக்கு என்றும் பொருளுண்டு. மூன்று மொழிகளும் ஆர்வலரிடம் அன்பை எதிர்பார்க்கின்றன. அந்த அன்பு எந்நேரமும் வெறும் இச்சையாகச் சரிந்துவிடலாம் என்று அரபி கூடுதலாக எச்சரிக்கிறது.

அன்பு எங்கே இச்சையாகச் சரிகிறது என்பதை அறிய, நமக்கு மிக அண்மையிலுள்ள இலங்கையை நோக்கலாம். கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன், மகள் அன்பளித்த கருவியுடன் 48ஆம் வயதில் படம் எடுக்கத் தொடங்கியவர். டென்னிசன், ஹெர்ஷல், டார்வின் ஆகியோரை அவர் எடுத்த படங்கள் உலகறிந்தவை. 1875இல் குடும்பத்தின் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே இறந்தார். களுத்துறையில் தங்கி அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை சிலவே. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் உள்ளூர்ப் பெண்களும் இருக்கிறார்கள். முகங்கள் கூர்மையானவை, கண்ணியமானவை. ஆனால் இங்கிலாந்துப் படங்களில் பெயர் இருந்தது. இலங்கைப் படங்களில் இருப்போரின் பெயர்களை நாம் அறியோம். இன்று தீவுக்குச் செல்வோரின் படங்களில் முகமும் இல்லை. கேமரன் பெயரை விட்டார். நாம் ஆளையே விட்டுவிட்டோம். கொழும்பில் வாழ்ந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட் இதற்கு நேர்மாறானவர். சட்டம் பயின்றவர், பியானோ கலைஞர். படத்தால் பிழைக்க வேண்டிய தேவை இல்லாதவர். மீனவரையும் ஆட்டக்காரரையும் அவர் எடுத்த படங்களில் தீவு, மனிதர் வாழும் இடமாகவே இருக்கிறது. அவர் அங்கு விருந்தினர் அல்லர் என்பது ஒரு காரணம். பார்க்க நேரம் ஒதுக்கினார் என்பது மற்றொரு காரணம். விருந்தினரும் பின்பற்றத் தக்கது இது.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பொன்று எழும். தீவின் பெண்கள் தம்மைப் படம் எடுப்பதை விரும்பார். முகங்களை விடுவதே நாணமும் நாகரிகமும் அல்லவா? மக்களைப் பிடிப்பதைவிடக் கடலைப் பிடிப்பது மேல் அல்லவா? இம்மறுப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் மரியாதையால் விடுவதும் அறியாமையால் விடுவதும் ஒன்றாகா. உருவம் வரைவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். அந்தக் கண்டிப்பான வழியில் நிற்பவருக்கும் தீவில் வேலை நிறைய இருக்கிறது. ஊறவைத்த தேங்காய் மட்டையும், அதிலிருந்து கையால் திரித்த கயிறும் உயிரற்றவை. பொள்ளாச்சியின் நார் ஆலைகளை அறிந்த நமக்கு அக்கயிற்றின் முறுக்கு வேறு கதை சொல்லும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திய மாசி உயிரற்றது. நம் கடலோர வீடுகளில் சம்பலாக இடிக்கப்படும் அந்த மாசிக்குப் பின்னால், பெருவலை வீசாமல், கம்பில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொரு மீனாகப் பிடிக்கும் மினிக்காய்க் கை இருக்கிறது. கவரத்தியில் உஜ்ரா பள்ளிவாசலின் கூரையில் செதுக்கப்பட்ட மர வேலைப்பாடும் உயிரற்றதே. அதைச் செதுக்கிய மனிதர் அதில் இருக்கிறார். முகமே இல்லாத படத்திலும் மக்கள் நிறைந்திருக்கலாம். சாய்ந்த தென்னையைக் கண்டவர், அதன் அடியில் குவிந்திருந்த மட்டையைக் காணாததே நம் குறை.

முகத்தை எடுப்பதாயின், அதற்குரிய ஒழுக்கமும் நம்மிடமே இருக்கிறது. பிறர் இல்லத்துள் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி பெறுமாறு அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. வாசலில் நிற்பவர் உள்ளே எட்டிப் பார்ப்பதை நபி (ஸல்) கண்டித்ததும் இந்த ஒழுக்கத்தின் பகுதியே. அனுமதி கோருவது கண்ணின் பொருட்டே என்பது அதன் சாரம். கண்ணுக்கு அனுமதி வேண்டுமெனில், கண்டதைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகும் கருவிக்கு அது இருமடங்கு வேண்டாமா? 1967ஆம் ஆண்டின் விதிகளின்படி வெளியார் இலட்சத்தீவில் கால்வைக்க அரசின் அனுமதிச்சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு அரசு தருவது. வீட்டாரின் அனுமதி ஆகாது. ஸலாம் கூறிப் பேசத் தொடங்குவோருக்கு அங்குள்ளோர் பேசும் ஜெஸரி மலையாளம் பாதியேனும் புரியும். மினிக்காயில் பேச்சு மஹல் மொழி. அதனை எழுதும் தானா எழுத்தின் முதல் ஒன்பது வடிவங்கள் அரபி எண்களிலிருந்து பிறந்தவை. அரபி படித்த நம் மாணவர் ஒருவர் அங்கு சென்றும் இதை அறியாமல் அந்திச் சூரியனுடன் திரும்புவாராயின், அவர் படித்த படிப்பின் நிலை என்ன?

தொலைவிலுள்ள தீவினரின் மனநிலையை உணர்வது தொண்டாமுத்தூரில் வாழும் நமக்குக் கடினமன்று. நம் ஊரும் ஞாயிறுதோறும் பிறருடைய படத்துக்குப் பின்புலமாகிறது. நகரத்திலிருந்து வருவோர் பாக்குத் தோப்பின் நிழலிலும் வெள்ளியங்கிரி மலைத்தொடரின் பின்னணியிலும் நின்று படம் எடுத்துச் செல்கின்றனர். வரட்டும், மலை எவருக்கும் தனியுரிமை அன்று. ஆனால் அப்படங்களில் பாக்கு மரம் ஏறுபவர் இல்லை. சின்ன வெங்காயம் அறுக்கும் பெண்கள் இல்லை. யானை இறங்கிவிடுமோ என்று இரவெல்லாம் காவலிருந்த விவசாயி இல்லை. அப்படங்களை மட்டும் காண்பவர் இதனை யாருமற்ற பசும்பள்ளத்தாக்கு என்றே எண்ணுவார். யாருமற்றதாக எண்ணப்படும் இடத்தில் எதையும் கட்டலாம், எதையும் கொட்டலாம் என்னும் துணிவு எளிதில் வரும்.

இதுவே நம் வாதத்தின் மையம். ஆளற்ற படம் வெறும் இரசனைக் குறை என்றால் ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. அது மெல்ல மெல்ல ஆளற்ற நிலம் என்னும் நம்பிக்கையாக மாறுகிறது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் பிரதமர் இலட்சத்தீவுக்குச் சென்று, கரையிலும் நீருக்கடியிலும் எடுத்த படங்களை வெளியிட்டார். நாடெங்கும் அத்தீவைத் தேடுவோர் பெருகினர். மாலத்தீவின் துணையமைச்சர் மூவர் அவரை இழித்துரைத்துப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். எந்த நாட்டின் கடற்கரை அழகானது என்று இணையத்தில் பெரும் போர் மூண்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் மத்திய அரசின் இடைக்கால நிதிநிலை அறிக்கையிலும் தீவுச் சுற்றுலா இடம்பெற்றது. இத்தனை ஆரவாரத்திலும் அங்கு வாழ்வோரின் குடிநீரைப் பற்றியும், நோயாளியைக் கொச்சிக்குக் கொண்டு செல்லும் வழியைப் பற்றியும் பேசியவர் மிகச் சிலரே. அதே ஆண்டின் கோடையில் கடல் நீர் வெப்பமேறிப் பவளப் பாறைகள் பேரளவில் வெளிறியதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. வெளிறிய பவளம் படத்தில் வெண்பூப்போல் அழகாகவே தெரியும். நோயின் நிறம் அது என்பது படத்தில் பதியாது. பங்காரத்தை அடுத்த பரளி என்னும் திட்டுகளுள் ஒன்று கடலரிப்பில் முற்றிலும் மறைந்துபோனதை 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அங்கிருந்து வரும் படங்களில் கடல் அமைதியாகவே இருக்கிறது.

பித்ரா தீவைக் கொண்டு நம் கருத்தை முடிக்கலாம். இலட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகளுள் மிகச் சிறியது அது; 2011இல் அங்கிருந்தோர் 271 பேர். 2025 ஜூலையில், பாதுகாப்புத் தேவைகளுக்காக அத்தீவின் நிலத்தைக் கையகப்படுத்துவது பற்றிச் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய ஆட்சி நிர்வாகம் அறிவிப்பு வெளியிட்டது. தீவினர் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். நாட்டின் பாதுகாப்புத் தேவையை எடைபோடுவது நம் துறை அன்று. ஆனால் எடைபோடும் தராசின் ஒரு தட்டில் 271 மனிதர் இருப்பது தராசைப் பிடிப்போருக்கும் சுற்றி நின்று பார்ப்போருக்கும் தெரிய வேண்டும். பித்ராவின் பரந்த நீல நீர்ப்பரப்பு மட்டுமே படங்களில் பரவியிருக்குமாயின், அது யாருக்குத் தெரியும்?

ஆகவே தீவுக்குச் செல்லும் நம் குடும்பத்தாரிடமும் மாணவரிடமும் நாம் கேட்பது பெரிய காரியமன்று. நூறு படங்கள் எடுப்பதாயின் பத்துப் படங்களேனும் ஊருக்குள் சென்று எடுக்கப்பட்டவையாக இருக்கட்டும். எதை எடுத்தோம், அதனை அவ்வூரார் எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள், யார் அனுமதித்தார் என்பதைப் படத்தின் கீழ் ஒரு வரியில் எழுதி வைக்கட்டும். முகத்தை எடுத்திருந்தால் அதன் பிரதியொன்று அம்முகத்துக்குரியவரிடம் சென்று சேரட்டும். மறுத்தவரின் முகம் நம் கருவியில் இல்லாதிருக்கட்டும். அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார் என்னும் செய்தி மட்டும் நம் நினைவில் இருக்கட்டும்.